மைனஸ் 20 போகற இடத்துல ஹீட் பம்ப் போடலாமா? ஆயில் பாய்லர் கடைசி மூச்சுல இருக்கு, உதவி பண்ணுங்க

பனிவீடு:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டை சூடாக்கற ஆயில் பாய்லர் ரொம்ப பழசு, இந்த குளிரைத் தாண்டினாலே அதிசயம். மாத்தறதுக்கு ரெண்டு பேரக் கூப்பிட்டு கேட்டேன். ஒருத்தர் "மைனஸ் 5க்கு கீழ போனா ஹீட் பம்ப் சும்மா காத்துதான் அடிக்கும், பேசாம மறுபடி பாய்லரே போடுங்க"ன்னுட்டாரு. இன்னொருத்தர் வீட்டை ஒரு சுத்து சுத்தி பாத்துட்டு 16 கிலோவாட் மெஷின்னு கொட்டேஷன் குடுத்துட்டாரு, டேப்பே வெளிய எடுக்கல. யாரை நம்பறதுன்னு தெரியல.

வீடு பத்தி: ரெண்டு மாடி, பழைய கட்டடம், பரண்ல இன்சுலேஷன் இருக்கு, சுவத்துல இல்ல. எல்லா ரூம்லயும் பாய்லர் சுடுதண்ணி ஓடற ரேடியேட்டர். வருஷத்துக்கு சுமார் 3000 லிட்டர் ஆயில் போகுது, குளிக்கற சுடுதண்ணியும் அதுலதான். குளிர்காலத்துல பெரும்பாலும் 0ல இருந்து மைனஸ் 10க்குள்ள இருக்கும், சில ராத்திரி மைனஸ் 20, எப்பவாவது 25. லாபமா நஷ்டமா, அதான் கேள்வி.

சூடுகடத்தி:
முதல் ஆள் சொன்னது முழுப் பொய்னு சொல்ல மாட்டேன் ப்ரோ, ஒரே வேகத்துல ஓடற பழைய மெஷின்களுக்கு அது கிட்டத்தட்ட சரிதான். இப்ப வர்றது தேவைக்கு ஏத்த மாதிரி வேகத்தை மாத்திக்கற இன்வெர்ட்டர் கம்ப்ரஸர், அதுலயும் குளிருக்குன்னே செய்யற மாடல்கள்ல கம்ப்ரஷனுக்கு நடுவுல ஆவியை உள்ள விடற டெக்னிக் இருக்கு, அதெல்லாம் மைனஸ் 25 வரைக்கும் ஓடும். ஃப்ரீசர் உள்ள மைனஸ் 18ல இருந்துதான் சூட்டை உறிஞ்சி பின்பக்கம் விடுது, ஹீட் பம்ப்பும் வெளிக்காத்துல இருந்து சூட்டை உறிஞ்சி வீட்டுக்குள்ள விடற அதே வேலைதான், பெரிய சைஸ்ல. ஐரோப்பாவுல வீட்டு எண்ணிக்கைக்கு ஹீட் பம்ப் அதிகமா இருக்கறதே நார்வே, ஸ்வீடன், பின்லாந்துலதான், ஸ்பெயின்லயோ கிரீஸ்லயோ இல்ல.

ஆனா குளிர் ஏற ஏற ரெண்டு அடி ஒண்ணா விழும்: வீட்டுக்கு சூடு அதிகமா வேணும், மெஷின் குடுக்கறது குறையும். 1 யூனிட் கரண்டுக்கு எத்தனை யூனிட் சூடு வருதுங்கறதுதான் சிஓபி. வெளிய 7 டிகிரி இருந்தா 4 கிட்ட வரும், மைனஸ் 15ல நல்ல மெஷினே 2 சுத்திதான், மைனஸ் 25ல 1.5ன்னு வச்சுக்கங்க. ஹீட்டர் காயில் (நேரா கரண்ட்லயே சூடாகற கம்பி) எப்பவும் 1தான்.

ப்ரோஷர்ல பெருசா போட்டிருக்கற நம்பரைப் பாத்து ஏமாறாதீங்க. அது வெளிய 7 டிகிரி, தண்ணி 35 டிகிரில எடுத்தது. வருஷக் கணக்கு எஸ்சிஓபி கூட ஐரோப்பிய லேபிள்ல வழக்கமா பிரான்ஸ்ல இருக்கற ஸ்ட்ராஸ்பர்க் மாதிரி மிதமான குளிருக்குத்தான் போட்டிருப்பாங்க. குளிர் பிரதேசத்துக்கு பின்லாந்து ஹெல்சின்கியை வச்சு தனி நம்பர் உண்டு, அதைக் கேளுங்க, குடுக்கலன்னா அந்த மாடலை விட்டுடுங்க.

கணக்குப்புள்ள:
16 கிலோவாட்டா? அளவே எடுக்காம?? உங்க ஏரியாவோட டிகிரி டே எவ்வளவுன்னு பாத்து சொல்லுங்க (17 டிகிரி பேஸ்ல, அதாவது தினமும் வெளிய 17க்கு எத்தனை டிகிரி கீழன்னு வருஷம் பூரா கூட்டினது), ஆயில் பில்லை வச்சே வீட்டோட உண்மையான தேவையைப் பிடிச்சிடலாம்.

பனிவீடு:
பாத்தேங்க, சராசரியா 4500னு போட்டிருக்கு. இன்னொண்ணும் பாத்தேன், மைனஸ் 15க்கு கீழ இருந்த நேரம் போன குளிர்காலம் முழுக்க சேத்தாலும் நூறு மணி நேரத்தைத் தாண்டல. நான் மாசக்கணக்குல இருக்கும்னு நினைச்சிட்டிருந்தேன்.

கணக்குப்புள்ள:
அப்ப பாருங்க. லிட்டருக்கு 10 யூனிட் சூடு, 3000 லிட்டருக்கு 30000. பழைய பாய்லர் 85 சதவீதம் தேறும்னா வீட்டுக்குள்ள வந்தது 25500. சுடுதண்ணிக்கு 3500 கழிங்க, 22000. இதை 4500 × 24ஆல வகுத்தா ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் 0.2 கிலோவாட். மைனஸ் 20ல அந்த 17ல இருந்து 37 டிகிரி வித்தியாசம், ஆக ஏழரை கிலோவாட். மைனஸ் 25ல எட்டரை. அவ்ளோதான் உங்க வீடு! 16 போட்டா குளிர் கம்மியான நாள்ல மெஷின் இன்னும் கீழ இறங்க முடியாம ஆன் ஆஃப், ஆன் ஆஃப்னு அடிச்சுக்கிட்டே கிடக்கும், கரண்டும் வீண் கம்ப்ரஸருக்கும் கேடு. மைனஸ் 15ல 7, 8 கிலோவாட் நிஜமா குடுக்கற மெஷின் போதும், பேர்ல இருக்கற கிலோவாட் வேற, மைனஸ் 15ல குடுக்கறது வேற, டேபிளைக் கேட்டு வாங்குங்க. மிச்சத்துக்கு உள்ளயே இருக்கற ஹீட்டர் காயில் சமாளிக்கும், நூறு மணி நேரம்ங்கறது மொத்த சூட்டுல 4 சதவீதம்கூட இல்ல.

லாபக் கணக்கு இன்னும் ஈஸி. உங்க பாய்லர்ல 1 லிட்டர் ஆயில் 8.5 யூனிட் சூடு தருது. வருஷ சராசரி சிஓபி 2.7னு வச்சா அதே சூட்டுக்கு 3.15 யூனிட் கரண்ட். 1 லிட்டர் ஆயில் விலை 3.15 யூனிட் கரண்ட் விலையை விட அதிகமா இருந்தா மாசச் செலவுல லாபம், கம்மியா இருந்தா நஷ்டம். உங்க பில்லுங்க ரெண்டையும் பக்கத்துல வச்சு பாருங்க.

கரண்ட்பில்:
எல்லாரும் ஆஹா ஓஹோன்றீங்க, நான் போட்டு முதல் குளிர்லயே பில்லைப் பாத்து தலை சுத்திப் போச்சு. மெஷின் நல்ல மெஷின்தான், ஆனா போட்டவங்க செட்டிங்ல மைனஸ் 2லயே ஹீட்டர் காயில் ஆன் ஆகற மாதிரி விட்டுட்டு போயிட்டாங்க, அதுபோக நான் ரூம் சூட்டை ராத்திரி 16 டிகிரிக்கு குறைச்சு காலைல 21க்கு ஏத்துவேன், அப்ப அவசரத்துல காயில்தான் ஓடும். இப்ப காயிலை மைனஸ் 15க்கு மேல வராதபடி லாக் பண்ணி, நாள் பூரா 20லயே விட்டிருக்கேன், பில் உக்காந்துடுச்சு. பாய்லர் பழக்கத்துல ஏத்தி இறக்கறத விட்டுடணும்.

இன்னொண்ணு, குழாய் கேஸ் மலிவா இருந்து கரண்ட் அதை விட நாலு மடங்கு விலைன்னா காசைப் பாத்து போடாதீங்க, வராது. ஆயில், எல்பிஜி, வெறும் கரண்ட் ஹீட்டர் வச்சிருக்கறவங்களுக்குத்தான் நல்லா கட்டுப்படியாகும்.

ரேடியேட்டர்ராஜா:
அந்த 2.7 யாருக்கும் சும்மா வராதுங்க, முக்கியமானதையே யாரும் கேக்கல. இப்ப உங்க ரேடியேட்டருக்கு தண்ணி எத்தனை டிகிரில போகுது? பாய்லருக்கு 70ங்கறது சாதாரணம், ஹீட் பம்புக்கு அது விஷம். தண்ணி சூட்டுல ஒவ்வொரு டிகிரி குறைச்சாலும் கரண்ட் சுமார் 2, 2.5 சதவீதம் மிச்சமாகும். 65லயே ஓட்டினா வருஷ சிஓபி 2.2க்கு வந்தாலும் ஆச்சரியமில்ல, அப்ப மேல சொன்ன 3.15 போய் 3.9 ஆயிடும், கணக்கே தலைகீழ்.

பைசா செலவில்லாம ஒரு டெஸ்ட்: அடுத்த கடும் குளிர் வர்றப்ப இப்ப இருக்கற பாய்லர்லயே தண்ணியை 50க்கு குறைச்சு ரெண்டு நாள் விடுங்க (சுடுதண்ணி டேங்க் செட்டிங் தனியா இருந்தா அதைத் தொடாதீங்க, அது 60ல இருக்கட்டும், லெஜியோனெல்லா கிருமி பயம் இருக்கு). எந்த ரூம் சூடாகலயோ அந்த ரூம் ரேடியேட்டரை மட்டும் பெருசா மாத்தினா போதும், வீடு பூரா மாத்தணும்னு அவசியமே இல்ல.

பனிவீடு:
இது சூப்பருங்க, நேத்து ராத்திரி மைனஸ் 14, 52ல வச்சேன். கீழ எல்லாம் ஓகே, மேல வடக்குப்பக்க ரூம் ரெண்டும்தான் 17ஐத் தாண்டல. ஆயில் விலையும் பாத்தேன், எங்களுக்கு 1 லிட்டர்னா 5 யூனிட் கரண்டுக்கு சமம், அதனால முடிவு பண்ணிட்டேன். 8 கிலோவாட் மாடல் வேற ஆள்கிட்ட கேட்டிருக்கேன், அந்த ரெண்டு ரூமுக்கும் ரேடியேட்டர் சேத்து. வெளி யூனிட் எங்க வைக்கறது? அவர் கூரை ஓரத்துக்கு நேர் கீழ காட்டறாரு.

சூடுகடத்தி:
அய்யோ அங்க வேண்டாம். கூரைல இருந்து சொட்டற தண்ணி ஃபேன் மேல விழுந்து உறைஞ்சா ப்ளேடு போச்சு. தரைல வைக்காம ஸ்டாண்டு அடிச்சு, உங்க ஊர்ல பனி எவ்வளவு உயரம் சேருமோ அதுக்கு மேல தூக்குங்க. 0 டிகிரி சுத்தி ஈரக்காத்து அடிக்கறப்பதான் வெளி யூனிட்டோட காயில்ல (ஹீட்டர் காயில் இல்ல) உறைபனி அதிகம் பிடிக்கும், மெஷின் சில நிமிஷம் தலைகீழா ஓடி அதை உருக்கும், குப்புன்னு ஆவி வரும், புகைன்னு பயந்துடாதீங்க. அந்தத் தண்ணி நடைபாதைல ஓடி உறையாத இடமா பாருங்க. அந்தத் தண்ணி யூனிட் அடியிலயே உறையாம பாத்துக்கற அடித்தட்டு ஹீட்டர் இருக்கற மாடலான்னும் கேட்டுக்கங்க, சில பேர் அதை எக்ஸ்ட்ரான்னு சொல்லி விட்டுடுவாங்க.

கரண்ட்பில்:
பெட்ரூம் ஜன்னலுக்கு கீழயும் வேண்டாம், மைனஸ் 20ல ஃபுல் ஸ்பீடுல ஓடறப்ப சத்தம் நல்லாவே கேக்கும். ஆள் கிளம்பறதுக்கு முன்னாடி ஹீட்டர் காயில் எத்தனை டிகிரில ஆன் ஆகுதுன்னு ஸ்க்ரீன்ல காட்டச் சொல்லி போட்டோ எடுத்து வச்சுக்கங்க.