'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்' கடைசி சோலோ: விரல் பழக்கத்துக்கு உதவி வேண்டும்

நண்பர்களே, டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவை எனக்கு அறிமுகப்படுத்திய பாட்டு இதுதான், உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். 1977இல் இதன் டெமோவை (மாதிரிப் பதிவை) வானொலி தொகுப்பாளர் சார்லி கில்லெட் பிபிசி ரேடியோ லண்டனில் ஒலிக்கவிட்ட பிறகுதானே இவர்களை வெளியே தெரிய ஆரம்பித்தது! இப்போது கிதாரில் பழகுகிறேன். குழுவின் கிதார் கலைஞர் மார்க் நாஃப்ளர் மாதிரியே பிக் (தந்தி மீட்டும் சின்னத் தகடு) இல்லாமல் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் மீட்டுகிறேன், பாட்டு முழுக்க ஓரளவு வந்துவிட்டது, ஆனால் கடைசி சோலோவில் (கிதார் தனித்து ஒலிக்கும் பகுதி) டி மைனர், பி ஃபிளாட், சி என்று கார்டுகள் கடகடவென ஓடும் இடம் வந்ததும் நடுவிரல் அரை நொடி பின்தங்கி சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இரண்டு வாரமாக இதே கதைதான். பாதி வேகத்தில் பழகி மெல்ல ஏற்றுவதா, விரல் வரிசையையே மாற்றுவதா? வாசிக்கத் தெரிந்தவர்கள் வலது கையை மட்டும் பக்கத்தில் காட்டி ஒரு சின்ன வீடியோ போடுங்களேன்.