'நோயெதிர்ப்பு மறதி' சரிதானா? தட்டம்மை செய்யும் அழிவுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

மற்ற நோய்களுக்கு எதிராக உடம்பு சேர்த்து வைத்திருந்த காப்பின் ஒரு பகுதியைத் தட்டம்மை அழித்துவிடுவதை ஆங்கிலத்தில் இம்யூன் அம்னீசியா என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் நம் குழுவில் பேசியபோது மூன்று சொற்கள் வந்தன: நோயெதிர்ப்பு மறதி, நோயெதிர்ப்பு நினைவிழப்பு, தடமழிவு. முதல் சொல்லுக்குத்தான் ஆதரவு அதிகம். நானும் அதற்குச் சரி சொன்னவள்தான். இப்போது அதை மாற்றிக்கொள்கிறேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

தடுப்பூசி பற்றிய துண்டறிக்கை ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருப்பதாக முன்பு சொல்லியிருந்தேன். எதையும் அச்சுக்கு அனுப்பும் முன் நாலு பேரிடம் வாசித்துக் காட்டுவது என் வழக்கம். எங்கள் தெருவில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண்ணிடம், "தட்டம்மை வந்துபோன குழந்தைக்கு நோயெதிர்ப்பு மறதி ஏற்படலாம்" என்ற வரியை வாசித்தேன். "ஊசி போட மறந்துட்டோம்னு சொல்றீங்களாக்கா?" என்று கேட்டவர், தடுப்பூசி அட்டையை எடுத்துவரப் பதறிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தார். அவரை நிறுத்தி, மறதியை எடுத்துவிட்டு நினைவிழப்பைப் போட்டு வாசித்தேன். "பிள்ளைக்கு நினைவு தப்பிடுமா?" என்றார்.

இரண்டு கேள்வியும் நியாயமானவை. மறதி என்று சொன்னாலே மறந்தவர் யார் என்று மனம் தேடுகிறது. பெரும்பாலும் பழி அம்மாவின் தலையில் போய் விழுகிறது. அதோடு, மறந்தது எப்போதாவது ஞாபகத்துக்கு வரும் என்ற நம்பிக்கையும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. நினைவிழப்போ தமிழில் மயக்கத்துக்கு உரியது. "நினைவிழந்த நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்" என்று நாளிதழில் படித்துப் பழகிய காதுக்கு வேறு எப்படிக் கேட்கும்?

சரி, உடம்புக்குள் நடப்பது என்ன என்று பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம்.

தட்டம்மை காற்றில் பரவுகிறது. நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் வைரஸ் அங்கே 2 மணி நேரம் வரை தங்கியிருக்கும். நோய்க்காப்பு இல்லாத 10 பேர் நோயாளியின் அருகில் இருந்தால் 9 பேர் வரை தொற்றிக்கொள்ளும். மூச்சோடு உள்ளே போன வைரஸ் முதலில் பிடிப்பது அங்கே காவலுக்கு நிற்கும் நோயெதிர்ப்புச் செல்களைத்தான். அவற்றின் மேல் சிடி150 என்ற புரதம் இருக்கிறது. வைரஸுக்கு அதுதான் வாசல். காவல் செல்கள், கிருமி எதையாவது பிடித்தால் வழக்கமாக எங்கே கொண்டுபோகுமோ அங்கேயே இதையும் கொண்டுபோகின்றன: நிணநீர் முடிச்சுக்கு. சளி பிடித்த பிள்ளையின் தாடைக்குக் கீழே விரல் வைத்தால் கடலைப்பருப்பு மாதிரி உருளும், "நெறி கட்டியிருக்கு" என்போமே, அதுதான். முன்பு வந்த நோய்களையும் போட்ட ஊசிகளையும் நினைவில் வைத்திருக்கும் செல்கள் அங்கே நிறைய இருக்கின்றன. அவற்றின் மேல் சிடி150 இன்னும் அதிகம். உடம்பில் தடிப்பு தெரிவதற்குள் வைரஸ் அவற்றுக்குள் புகுந்து பெருகிவிடுகிறது. பாதிக்கப்பட்ட செல்களை உடம்பே அழிக்கவும் செய்கிறது.

வைரஸ் போன பிறகு வெள்ளணுக்களின் எண்ணிக்கை சில வாரங்களில் பழைய அளவுக்கு வந்துவிடும். ஆனால் புதிதாக வந்தவற்றில் பல, தட்டம்மையைத் தெரிந்தவை. நிமோனியாக் கிருமியையோ வயிற்றுப்போக்குக் கிருமியையோ முன்பே பார்த்து வைத்திருந்த பல செல்கள் போனவை போனவைதான். அந்த நோய்களை உடம்பு முதலிலிருந்து கற்க வேண்டும். கற்பதற்கு வழி, மறுபடி நோய் வருவது அல்லது மறுபடி ஊசி போடுவது.

இதன் முதல் தடயம் 1908-இலேயே கிடைத்தது. வியன்னா மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே, காசநோய்க்கான தோல் சோதனையில் தடித்துக் காட்ட வேண்டிய குழந்தைகளுக்குத் தட்டம்மை வந்த சமயத்தில் தோல் ஒன்றுமே காட்டவில்லை என்று கண்டார். அளந்து பார்க்க நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 2013-இல் நெதர்லாந்தில், மத நம்பிக்கை காரணமாகத் தடுப்பூசி போடாத சமூகங்களில் தட்டம்மை பரவியது. அங்கே 77 குழந்தைகளிடம் நோய்க்கு முன்னும் பின்னும் எடுத்த ரத்தத்தை ஒப்பிட்டு 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருள் (கிருமியை அடையாளம் கண்டு பிடிக்கும் புரதம்) வகைகளில் 11 முதல் 73 விழுக்காடு வரை காணாமல் போயிருந்தது. தட்டம்மைத் தடுப்பூசி போட்ட குழந்தைகளிடம் இந்த இழப்பு இல்லை. 2015-இல் வந்த இன்னொரு ஆய்வு, தட்டம்மை பரவிய பிறகு 2, 3 ஆண்டுகள் வரை மற்றத் தொற்றுகளால் குழந்தைகள் இறப்பது கூடுகிறது என்று இங்கிலாந்து, அமெரிக்கா, டென்மார்க் நாடுகளின் பழைய இறப்புப் பதிவுகளிலிருந்து காட்டியது. அம்மை இறங்கிப் போய்விட்டது, தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று, இனிப் பயமில்லை என்று நாம் நினைக்கும் காலம் இது. துண்டறிக்கையில் இந்த ஒரு வரி புரிந்தாக வேண்டும் என்று நான் மல்லுக்கு நிற்பது இதனால்தான்.

அடுத்து, தடமழிவு. அழகான சொல். ஆனால் தட்டம்மை தன் தடத்தை அழிப்பதில்லை. 1846-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாரோ தீவுகளுக்குக் கோபன்ஹேகனிலிருந்து வந்த தச்சர் ஒருவரோடு தட்டம்மையும் வந்து இறங்கியது. சுமார் 7,800 பேர் வாழ்ந்த தீவுகளில் ஏறக்குறைய 6,000 பேர் படுத்துவிட்டார்கள். அங்கே அனுப்பப்பட்ட இளம் மருத்துவர் பீட்டர் பானும் ஊர் ஊராகப் போய் விசாரித்தார். அதற்கு முன் அங்கே தட்டம்மை வந்தது 1781-இல். அப்போது குழந்தையாக இருந்து நோய் கண்டவர்கள் 65 ஆண்டு கழித்துக் கிழவன் கிழவியாக இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட மறுபடி வரவில்லை என்று எழுதிவைத்தார். நடுவில் ஒருமுறையும் தட்டம்மையையே பார்க்காத உடம்புகள் அதை அவ்வளவு காலம் நினைவில் வைத்திருந்தன! தன் நினைவை ஆயுளுக்கும் பதித்துவிட்டு மற்ற நோய்களின் நினைவைத் துடைத்துக்கொண்டு போகிற நோய் இது. தடமழிவு என்றால் எந்தத் தடம் என்று தெரிவதில்லை. அம்மைத் தழும்பு மறைவதைச் சொல்கிறார்கள் என்றும் எடுத்துக்கொள்வார்கள்.

என் பரிந்துரை: காப்பு நினைவழிவு.

நினைவழிவு என்று சேர்த்துச் சொல்லும்போது மயக்கம் காதில் விழுவதில்லை. அழிந்தது இனித் தானாகத் திரும்பாது என்பது புரிகிறது. மறுபடி உண்டாக்கினால்தான் உண்டு. காப்பு நம் வீட்டுச் சொல். பிள்ளை கையில் போடுவதும் காப்பு, மாரியம்மன் திருவிழாவுக்குக் கட்டுவதும் காப்பு. நோய்க்காப்பு, காப்பு நினைவு, காப்பு நினைவழிவு என்று வரிசையாகவும் வரும்.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்.

*

மறுபடி வணக்கம். மறுமொழிகளுக்கு நன்றி. இரண்டுக்கு மட்டும் விரிவாகப் பதில்.

> எங்கள் பக்கம் பள்ளிக்கூடத்திலேயே நிர்ப்பீடனம் என்றுதான் படிக்கிறோம். செல் எங்களுக்குக் கலம். காப்பு என்று எழுதினால் பிள்ளைகள் பாடத்தோடு பொருத்திப் பார்க்கமாட்டார்கள். நிர்ப்பீடன நினைவழிவு என்று வைத்தால் என்ன?

யாழ்ப்பாணத்து ஐயா சொல்வது சரி. பாடநூலில் நிர்ப்பீடனம் நிலைத்திருக்கும் இடத்தில் அதைப் பிடுங்கிவிட்டுக் காப்பை நடச் சொல்ல எனக்கு மனமில்லை. இங்கே தமிழ்நாட்டிலும் பாடநூலில் தடைகாப்பு, பேச்சில் எதிர்ப்புச் சக்தி என்று இரண்டு ஓடுகின்றன. முன்பாதி ஊருக்கு ஊர் மாறட்டும். பின்பாதி நினைவழிவு என்று எல்லோரிடமும் ஒன்றாக நின்றால் போதும்.

> அழிவு என்றால் முழுசாகப் போய்விட்டது என்றல்லவா ஆகும்? 11 விழுக்காடு போனவனுக்கும் அதே சொல்லா? நினைவுத் தேய்வு என்று சற்று மென்மையாகச் சொல்லலாமே, அம்மாக்களும் பயப்படமாட்டார்கள்.

டாக்டர், இதை இரண்டு நாள் யோசித்தேன். தேய்வு நமக்கு வேறு இடத்தில் வேண்டும். டெட்டனஸ் ஊசியை 10 ஆண்டுக்கு ஒருமுறை ஏன் மறுபடி போடச் சொல்கிறீர்கள்? அதன் காப்பு பிறை தேய்வது போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. அதுதான் காப்புத் தேய்வு. தட்டம்மை செய்வது சில நாட்களுக்குள் நடந்து முடிகிற வேலை. இரண்டையும் தேய்வு என்றால் வேகமும் காரணமும் குழம்பிப்போகும். வெள்ளத்தில் பயிர் அழிந்தது என்கிறோம். ஒரு கதிர்கூட மிஞ்சவில்லை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. எவ்வளவு என்பதைப் பக்கத்தில் எண் போட்டுச் சொல்லிவிடலாம். பயத்தைப் பற்றி: துண்டறிக்கையில் அந்த வரிக்கு அடுத்த வரியே தடுப்பூசிதான். இரண்டு தவணை, முதலாவது 9 மாதம் முடிந்ததும், இரண்டாவது 16 மாதத்துக்கு மேல்.

எனவே குழுவின் சொற்பட்டியலில் இப்படிப் பதியலாமா என்று பாருங்கள்:

காப்பு நினைவழிவு: தட்டம்மை வைரஸ் நினைவுச் செல்களை அழிப்பதால், முன்பு வந்த நோய்களுக்கும் போட்ட ஊசிகளுக்கும் எதிராக உடம்பு சேர்த்து வைத்திருந்த காப்பின் ஒரு பகுதி இல்லாமல் போவது. காப்புத் தேய்வு வேறு.

நேற்று மாலை அதே பெண்ணிடம் புதிய வரியை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் குழந்தையின் கையில் இருந்த கருப்பு வளையலைத் திருகிக்கொண்டிருந்தார். "அம்மை வந்தா, முன்ன கட்டுன காப்பெல்லாம் அவுந்துடும்ங்கறீங்க" என்றார். ஆமாம் என்றேன். இந்த முறை அட்டையை நிதானமாக எடுத்துவந்து காட்டினார். குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிய இன்னும் ஐந்து நாள். அதற்கு அடுத்த புதன்கிழமை போகலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.