புதுப்பிப்பு: சித்தப்பாவின் மஞ்சள் காமாலை, ஸ்டென்ட் வைத்தாயிற்று

நாள்பட்ட கணைய அழற்சி உள்ள சித்தப்பாவுக்குக் கண் மஞ்சளாகிவிட்டது, கீழாநெல்லி கொடுக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மலம் என்ன நிறம் என்று ஒருவர் கேட்டாரே, அப்போதுதான் உறைத்தது. போய்ப் பார்த்தால் வெளுத்து, களிமண் மாதிரி. சிறுநீரோ கட்டங்காப்பி நிறம். ராத்திரி முழுக்க உள்ளங்காலைச் சொறிந்துகொண்டே இருந்தார்.

கோளாறு கல்லீரலில் இல்லை, பித்தம் குடலுக்குப் போகும் வழியில் அடைப்பு; அதனால்தான் மலம் வெளுத்தது. பித்தநாளத்தின் கடைசிப் பகுதி கணையத்தின் தலை வழியாகத்தான் சிறுகுடலுக்குப் போகிறது. வருடக்கணக்கான அழற்சியில் அந்த இடம் தழும்பாகி இறுகி, நாளத்தை நெரித்துவிட்டது. ரத்தத்தில் மஞ்சள் நிறமியான பிலிரூபின் 9.4 வரை ஏறியிருந்தது.

புற்றுநோயோ என்றுதான் எல்லோருக்கும் பயம். புற்றுநோய்ச் சந்தேகத்தில் பார்க்கும் ரத்தப் பரிசோதனையான சிஏ 19-9 கூடுதலாக வந்தது. பித்தம் அடைத்திருந்தாலே அது ஏறும் என்றார் டாக்டர். எண்டோஸ்கோப்பி வழியே ஊசியால் எடுத்த திசுவில் புற்றணு இல்லை. அப்புறம்தான் சித்தி வாயில் சோறு வைத்தார்.

ஈஆர்சிபி செய்து, அதாவது வாய் வழியே எண்டோஸ்கோப்பை இறக்கி, பித்தநாளத்தைத் திறந்து வைக்கும் சிறு குழாயான பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்தார்கள். சில நாளில் அரிப்பு அடங்கிவிட்டது. 3 மாதத்துக்கொரு முறை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளுமாம். கணையத்தில் சுண்ணாம்புக் கற்கள் இருப்பதால் ஸ்டென்ட் மட்டும் போதாமல் போகலாம்; ஒரு வருடம் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் பித்தநாளத்தைக் குடலோடு இணைக்கும் அறுவை சிகிச்சை. நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் மட்டும் (பித்தநாளத்தில் கிருமித் தொற்றாக இருக்கலாம்), விடியட்டும் என்று காத்திருக்காமல் ஓடிவரச் சொல்லியிருக்கிறார்கள்.

பீடியை இன்னும் விடவில்லை. அந்தச் சண்டை தனியாக ஓடுகிறது.