பெயிண்டுக்கு அடியில் ஏறும் துரு: ‘பொங்குதுரு’ என்று வைக்கலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம். பழைய கார்களின் துரு, பெயிண்ட் பழுதுகளுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலுக்கு, பெயிண்டுக்கு அடியிலிருந்து ஏறும் துருவைக் குறிக்கப் ‘பொங்குதுரு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். நண்பர்கள் எழுப்பிய கேள்விகளுக்கும் விடை எழுதுகிறேன்.

> பாடநூலில் ‘அரிமானம்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

இருக்கட்டும், அதை யாரும் தள்ளவில்லை. அரிமானம், அதாவது உலோகம் அரிக்கப்படுவது (corrosion), செம்புக்கும் அலுமினியத்துக்கும் பொது. துரு இரும்புக்கு மட்டும் உரியது. ஆனால் பழைய கார் வைத்திருப்பவருக்கு இந்த இரண்டு சொற்கள் போதவில்லை. வெளிறிப்போன கூரை, கீறலில் செந்நிறம் படிந்த பானெட், பெயிண்ட் உப்பி நிற்கும் சக்கர வளைவு, ஓட்டை விழுந்த தரைத்தகடு எல்லாவற்றுக்கும் ‘துருப்பிடித்துவிட்டது’ என்று ஒரே பேச்சு. நோய்க்கு ஒரே பெயர் என்பதால் வைத்தியமும் ஒன்றாகிவிடுகிறது: மேலே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) போட்டு, பெயிண்ட் அடித்து அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதே இடம் மறுபடி எழுந்து நிற்கிறது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது சின்ன விஷயம் அல்ல. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பகுதிகளில் கடற்காற்று கொண்டுவரும் உப்பு தகட்டின் மடிப்புகளில் தங்கிவிடும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரத்தில் மின்னோட்டம் எளிதாகப் பாயவும் வழிசெய்யும். துரு வேகமாக ஏறுவது இதனால்தான்.

அண்மையில் தக்கலைப் பக்கம் ஒரு டிங்கரிங் பட்டறையில் வெள்ளை மாருதி 800 ஒன்றின் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 1983 இல் வந்து 2014 இல் தயாரிப்பு நின்ற அந்த வண்டி இன்னும் இங்கே நிறைய வீடுகளில் ஓடுகிறது. கதவின் கீழ் விளிம்பில் மிளகளவில் நாலைந்து புடைப்புகள், அவ்வளவுதான். வேலை செய்த பெரியவர் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒன்றைக் கீறினார். பெயிண்ட் அப்பளம்போல் நொறுங்கி உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து வந்தது. அடியில் கருஞ்சிவப்பாக, அடுக்கடுக்காகப் பொருக்கு. கதவின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளை இலைச்சருகும் மண்ணும் அடைத்திருந்தன. உள்ளே நின்ற தண்ணீர் தகட்டின் மடிப்பை உள்ளிருந்தே தின்றிருக்கிறது. “இது மேலே பிடித்தது இல்லை, அடியிலிருந்து பொங்கியது” என்றார் பெரியவர்.

எனக்குத் தேவையான சொல் அதிலேயே இருக்கிறது. துருவாக மாறும் இரும்பு முன்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. அந்தப் பருமன்தான் பெயிண்டை மேலே தூக்குகிறது. ஆகவே ‘பொங்குதல்’ தோற்றத்தை மட்டுமல்ல, காரணத்தையும் சொல்கிறது. பொங்குதுரு வினைத்தொகையாகவும் நிற்கிறது: பொங்கிய துரு, பொங்குகிற துரு, பொங்கும் துரு. முழுவதும் சுரண்டி எடுக்காவிட்டால் மூன்று காலமும் உண்மையாகிவிடும்.

> ‘கொப்புளத்துரு’ இன்னும் எளிதாக விளங்குமே?

விளங்கும், ஆனால் தவறாக விளங்கும். துருவே இல்லாமலும் பெயிண்டில் கொப்புளம் வரும். அடியில் ஈரம் காயாமல் அடித்தாலும், தின்னர் ஆவியாகும் முன் அடுத்த பூச்சு ஏற்றினாலும் வரும். கொப்புளம் என்ற சொல்லை அதற்கு விட்டுவிடுவோம்.

கீறலில் மேலாகப் படிவதற்கு நண்பர் சொன்ன ‘மேல்துரு’வே போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் (பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்தால் தீர்ந்தது. பொங்குதுருவுக்கு அது ஆகாது. பளபளக்கும் இரும்பு தெரியும்வரை, புடைப்பைத் தாண்டியும் பெயிண்டைச் சுரண்ட வேண்டும். உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும். பிறகுதான் பிரைமர், அதன்மேல் பட்டி. வெறும் தகட்டிலோ துருவின் மேலோ நேரே பட்டி வைத்தால் அது ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்துவிடும். நான் பார்த்தவரை நம் ஊரில் அதிகம் நடக்கும் கேடு இதுதான்.

‘துருநீக்கி’, ‘துருமாற்றி’ இரண்டையும் ஒன்றாக எழுத வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். நீக்கி துருவைக் கரைத்து எடுக்கும் அமிலம். மாற்றி அதை அங்கேயே வேறு பொருளாக்கும். டானின் என்ற துவர்ப்புப் பொருள் சேர்ந்த மாற்றி பட்டால் துரு கருநீலமாகிவிடும். கடுக்காய்ச் சாறு இரும்பில் பட்டால் கறுக்கிறதே, அதே வேதியியல். எஞ்சிய மெல்லிய துருவைத்தான் அது மாற்றும். தடித்த பொருக்கின்மேல் தடவிப் பயனில்லை.

வெளிறிய கூரைக்கு வருகிறேன். விரலால் தேய்த்தால் வெள்ளையாக ஒட்டுவதற்கு ‘மாப்பூத்தல்’ என்ற முன்மொழிவு எனக்குப் பிடித்திருக்கிறது. வெயிலின் புறஊதாக் கதிர் பெயிண்டின் பசையைச் சிதைக்க, நிறமித்தூள் பிடிப்பில்லாமல் உதிர்கிறது. வெள்ளைப் பெயிண்டின் நிறமி டைட்டானியம் டை ஆக்சைடு. அதற்கு மூலமான இல்மனைட் நம் மணவாளக்குறிச்சி மணலில் கிடைப்பதுதான். மாப்பூத்தது துரு அல்ல. பழைய ஒற்றைப் பூச்சு வண்டியானால் பாலிஷ் போட்டு மீட்டுவிடலாம். நிறத்தின் மேலே தெளிபூச்சு (நிறமற்ற காப்புப் பூச்சு) உள்ள வண்டியில் அந்தப் பூச்சே உரிந்துவிட்டால் பாலிஷ் கைகொடுக்காது. அதைத் ‘தோலுரிதல்’ என்று தனியாகக் குறிக்கலாம்.

தகடு ஓட்டையாகும் நிலைக்குத்தான் இன்னும் முடிவு எட்டவில்லை. ‘துளைதுரு’ என்றால் வினைத்தொகை, வலி மிகாது. பொங்குதுருவோடு இணையாக நிற்கும். ‘துளைத்துரு’ என்பது வாய்க்கு இயல்பாக வருகிறது, ஆனால் துளையில் உள்ள துரு என்றும் பொருள்படும். நான் முன்னதையே எடுப்பேன். இலக்கணம் அறிந்தவர்கள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். கதவடித் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத்தகடு வைத்துப் பற்றவைப்பதற்கு உங்கள் ஊர்ப் பட்டறையில் என்ன சொல்கிறார்கள் என்பதையும் தெரிவியுங்கள். பட்டியலில் அந்த இடம் காலியாக இருக்கிறது.