கவுன்டர் ஸ்ட்ரைக் சென்ஸ் வேலரன்ட்டில் பொருந்தவில்லை, எங்கே தவறு?

கேள்வி:
இரண்டு வருடமாக கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கணினி விளையாட்டை ஆடுகிறேன். மவுஸ் 800 டிபிஐ (ஒரு அங்குலம் நகர்ந்தால் அது அனுப்பும் துடிப்புகள்), விளையாட்டுக்குள் சென்சிட்டிவிட்டி (சென்ஸ், பார்வை திரும்பும் வேகம்) 1.2. போன வாரம் நண்பர்கள் இழுத்ததில் அதே வகை விளையாட்டான வேலரன்ட்டுக்கு வந்தேன். அதே 1.2 போட்டதும் பம்பரம் போலச் சுற்றியது. விசாரித்து, 3.18 ஆல் வகுத்து 0.377 வைத்தேன். பம்பரம் நின்றது. ஆனாலும் குறி ஒவ்வொரு முறையும் எதிரியின் தலையைத் தாண்டிப் போய்த்தான் நிற்கிறது. இன்னும் குறைக்கவா?

பதில் 1:
குறைக்காதீர்கள் தம்பி, கணக்கு சரிதான். சென்ஸ் 1 என்றால் மவுஸ் அனுப்பும் ஒவ்வொரு துடிப்புக்கும் கவுன்டர் ஸ்ட்ரைக்கில் பார்வை 0.022 டிகிரி திரும்பும், வேலரன்ட்டில் 0.07. அந்த விகிதம்தான் 3.18. எனக்கு டிபிஐ மேல்தான் சந்தேகம். ஒரு ஸ்கேல் எடுங்கள். பயிற்சி மைதானத்தில் சுவர் விளிம்பில் குறியை வைத்து, மவுஸை ஒரே பக்கம் நகர்த்தி முழுச் சுற்று சுற்றி அதே விளிம்புக்கு வாருங்கள். உங்கள் எண்களுக்கு 43 செ.மீ. வர வேண்டும். மவுஸ் பேட் பத்தாவிட்டால் அரைச் சுற்றை அளந்து இரட்டியுங்கள்.

பதில் 2:
விண்டோஸில், கை வேகத்துக்கேற்ப பாயின்டரை முடுக்கும் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' டிக்கை எடுத்தீர்களா?

பதில் 1:
எடுப்பதில் நஷ்டமில்லை. ஆனால் மவுஸ் தரவை நேரடியாக வாங்கும் விளையாட்டை அது தொடாது.

கேட்டவர்:
நான்கு முறை அளந்தேன் அண்ணா. 21.5 தான் வருகிறது!

பதில் 1:
சரிபாதி தூரம். அப்படியென்றால் துடிப்பு இரட்டிப்பு, மவுஸ் 1600 டிபிஐயில் ஓடுகிறது. சக்கரத்துக்குக் கீழே டிபிஐ மாற்றும் சின்ன பட்டன் இருக்கிறதா?

கேட்டவர்:
இருக்கிறது, அழுத்தினால் விளக்கின் நிறம் மாறுகிறது. போன வாரம் மவுஸைத் துடைத்தபோது அழுத்தியிருப்பேன். மவுஸ் மென்பொருளில் 800 தவிர மற்ற டிபிஐ படிகளை நீக்கிவிட்டேன். இப்போது 43 வருகிறது. ஆனால் இழுத்து இழுத்துக் கை வலிக்கிறது. இதிலா இரண்டு வருடம் ஆடினேன்?

பதில் 3:
ஒரு வாரம் இரட்டை வேகத்தில் ஆடிய கை அப்படித்தான் சொல்லும். மூன்று நாள் எண்ணைத் தொடாதீர்கள். ஒரே மாதத்தில் பதினோரு தடவை மாற்றியவன் சொல்கிறேன், ஒன்றுமே பழகவில்லை. அப்புறம், மணிக்கட்டை ஊன்றாமல் முழங்கையிலிருந்து திருப்புங்கள். இடம் பத்தாவிட்டால் கீபோர்டைச் சாய்த்து வையுங்கள்.

கேட்டவர்:
சாய்த்துவிட்டேன். டீ டம்ளரையும் வலப்பக்கத்திலிருந்து எடுத்தாயிற்று, பாதி இடத்தை அதுதான் பிடித்திருந்தது.