ஃபோம் ட்ரெய்லர்: கூரையில் கொப்புளம், தரை மூலையில் உளுப்பு. முழுவதும் உரிக்க வேண்டுமா?

முற்றத்து வண்டி (ஒன்ராறியோ)

வணக்கம். நானும் மைத்துனரும் சேர்ந்து கட்டிய, இருவர் படுக்கக்கூடிய முகாம் ட்ரெய்லர் இது. சுவரும் கூரையும் 2 அங்குல எக்ஸ்பிஎஸ் ஃபோம் (வீட்டுச் சுவரில் வெப்பக்காப்புக்கு வைக்கும் பாலிஸ்டைரீன்) பலகை. அதன்மேல் மரப்பசையில் தோய்த்த பருத்திக் கான்வாஸ், மேலே வீட்டு வெளிச்சுவருக்கு அடிக்கும் கரும்பச்சை பெயின்ட். தரை மட்டும் பிளைவுட். சிறிய காரே இழுத்துவிடும் என்பதால் கோடைதோறும் அல்கான்குவின், கில்லார்னி பூங்காக்கள் என்று போய்வருகிறோம். குளிர்காலத்தில் தார்ப்பாய் போர்த்தி முற்றத்தில் நிறுத்திவிடுவோம்.

இந்த வசந்தத்தில் தார்ப்பாயை விலக்கினால், கூரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளங்கள். வெயில் ஏறினால் உப்புகின்றன, மாலையில் அடங்குகின்றன. உள்ளே, முன்பக்க இடது மூலையில் திருப்புளி முனையை வைத்து அழுத்தினால் பிளைவுட்டில் தடையின்றி இறங்குகிறது. கான்வாஸை முழுவதும் உரித்துவிட்டு ஃபைபர் கிளாஸ் போடலாம் என்கிறார் மைத்துனர். வேறு வழி உண்டா? ஆசையாகக் கட்டிய வண்டி, கைவிட மனமில்லை.

தச்சுப்பட்டறை (ஒட்டாவா)

தம்பி, முதலில் மைத்துனரின் கையைப் பிடித்து நிறுத்துங்கள். ஃபைபர் கிளாஸ் துணியை இறுக வைக்கக் கடையில் மலிவாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசினில் (திரவப் பிசினில்) ஸ்டைரீன் இருக்கிறது. அது பட்ட இடத்தில் எக்ஸ்பிஎஸ் கரைந்து குழிந்துவிடும். ஃபைபர் கிளாஸ்தான் வேண்டும் என்றால் ஸ்டைரீன் இல்லாத எபாக்சி ரெசினோடு மட்டுமே போட வேண்டும். உங்கள் வண்டிக்கு அது தேவையே இல்லை.

கொப்புளமும் உளுப்பும் ஒரே நோய் அல்ல. வெயிலில் உப்பி மாலையில் அடங்குகிறது என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் காற்றும் ஈர ஆவியும்தான். ஃபோமின் வழவழப்பான மேற்பரப்பைக் கம்பித் தூரிகையால் சொரசொரப்பாக்கினால்தான் பசை பிடிக்கும். ஃபோம் நீரை உறிஞ்சாது, ஆகவே பசையின் ஈரம் துணி வழியாக வெளிப்பக்கம் மட்டுமே காய வேண்டும். அதற்கு முன் பெயின்ட் ஏறினால் ஈரம் சிறைப்பட்டுவிடும். கரும்பச்சை அதற்கு மேலும் சூடு கூட்டுகிறது; எக்ஸ்பிஎஸ் சுமார் 75 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். கொப்புளத்தைக் கத்தியால் சிலுவையாகக் கீறி, நன்றாகக் காயவிட்டு, இதழ்களுக்கு அடியில் பசை தடவி உருளையால் அழுத்துங்கள். மேலே ஒரு கான்வாஸ் ஒட்டு. அது வாரக்கணக்கில் காய்ந்தபின் கூரை முழுவதும் வெள்ளை அடியுங்கள்.

செம்மண் சாலை (மெல்பேர்ண்)

மூலை உளுப்பைப் பற்றி நான் சொல்கிறேன். நீர் தெரிகிற இடத்தில் நுழைந்திருக்காது. அந்த மூலைக்கு நேர் மேலே எங்கெல்லாம் திருகாணி இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்: விளக்கு, ஜன்னல் சட்டம், கூரைக் காற்றுத் திறப்பு. ஃபோமில் திருகாணிக்குப் பிடிமானம் கிடையாது. மரக்கட்டை பதிக்காத இடங்களில் சாலை அதிர்வில் துளை அகன்றுகொண்டே போகும். ஒருவர் உள்ளே டார்ச்சுடன் இருக்கட்டும், மற்றவர் குழாய்நீரைக் கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடமாகப் பாய்ச்சட்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் நனைந்துவிடும், எந்தத் துளை என்று தெரியாது.

முற்றத்து வண்டி

இருவருக்கும் மிக்க நன்றி. நீர் பாய்ச்சிப் பார்த்தோம். வண்டியின் அகலத்தைக் காட்டும் முன்பக்க எல்லை விளக்குதான்! கழற்றியதும் மின்கம்பித் துளையிலிருந்து தேநீர் நிறத்தில் நீர் சொட்டியது. விளக்கைச் சுற்றி நீர் புகாமல் பூசியிருந்த சிலிக்கான் ஒரு வளையமாக அப்படியே கையோடு வந்துவிட்டது. தரையின் விளிம்பு ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்து, அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கிறது. தரை முழுவதையும் மாற்ற வேண்டுமா?

தச்சுப்பட்டறை

வேண்டாம். வெளிறிய, உறுதியான மரம் தெரியும்வரை வெட்டி எடுங்கள். மிச்சத்தை மின்விசிறி வைத்து உலர்த்திவிட்டுப் புதுத் துண்டு பொருத்துங்கள். பிளைவுட் நீரைக் குடிப்பது விளிம்பு வழியாகத்தான். அங்கே எபாக்சியை, உறிஞ்சுவது நிற்கும்வரை திரும்பத் திரும்பப் பூசுங்கள். விளக்குத் துளையைப் பெரிதாக்கி எபாக்சியால் அடைத்து, இறுகியபின் அதன் நடுவே புதிதாகத் துளையிடுங்கள். அப்போது திருகாணியும் கம்பியும் ஃபோமையோ மரத்தையோ தொடாது. மூட்டுக்கு பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) போடுங்கள். சிலிக்கான் ஒட்டிய இடத்தில் பிறகு பெயின்டும் பிடிக்காது, புதுப் பூச்சும் பிடிக்காது. பழைய பிசுக்கை முழுவதும் சுரண்டி எடுப்பது கட்டாயம்.

செம்மண் சாலை

வருகிற குளிர்காலத்தில் தார்ப்பாயை வண்டியோடு இறுக்கிக் கட்டாதீர்கள். காற்றில் உராய்ந்து பெயின்டைத் தேய்க்கும், ஈரத்தையும் அடைத்து வைக்கும். கூரைக்கு மேலே கழிகளை நட்டுப் பந்தல் போல விரித்தால் போதும். மெத்தையையும் எடுத்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். இருவர் இரவு முழுவதும் விடும் மூச்சின் ஈரம் அதன் அடியில்தான் தங்கும்.

வண்டி ஜாக்கில் நிற்கும்போதே சக்கர பேரிங்கைத் திறந்து பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது நிரப்புங்கள். டயர் பக்கவாட்டில் தயாரிப்புக் குறியீடான டிஓடி எண்ணின் கடைசி 4 இலக்கங்களையும் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. ட்ரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே முதுமையில் வெடித்துவிடும். ஆறு வயதை நெருங்கியிருந்தால், பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

முற்றத்து வண்டி

டயரில் 1417 என்று இருக்கிறது. கூரை வேலைக்கு முன்பே இரண்டையும் மாற்றிவிடுகிறேன்.