40 வாட்ஸ் ஆம்ப், 100 வாட்ஸ் ஸ்பீக்கர்: ட்வீட்டர் எப்படிப் போச்சு?

கேள்வி:
ஹால்ல இருக்கிற ஸ்டீரியோ ஆம்ப் 8 ஓமுக்கு 40+40 வாட்ஸ் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தர்ற நிஜ பவர்). ஸ்பீக்கர் 6 ஓம், 100 வாட்ஸ். பொங்கலுக்குச் சொந்தக்காரங்க வந்தப்போ பேஸை முழுசா திருகி, வால்யூமையும் நல்லா ஏத்தி ராத்திரி வரைக்கும் பாட்டு ஓடுச்சு. இப்ப வலது பெட்டி போர்வை போத்தின மாதிரி மந்தமா கேக்குது. பெட்டி முனையில மல்டிமீட்டர் வெச்சா 5 ஓம் காட்டுது. அப்ப ஸ்பீக்கர் நல்லாத்தானே இருக்கு? இன்னொரு ஜோடி 6 ஓம் ஸ்பீக்கரை ஆம்ப்ல ரெண்டாவது ஜோடிக்குன்னு இருக்கிற ‘பி’ முனையில மாட்டினா சுமை பிரியுமா அண்ணே?

பதில் 1:
தம்பி, முனையில வெச்சா ஊஃபரோட (பேஸ் பாடுற பெரிய ஸ்பீக்கர்) காயில் மட்டும்தான் தெரியும். ட்வீட்டருக்கு (மேல் ஸ்தாயி பாடுற சின்ன ஸ்பீக்கர்) முன்னாடி, சத்தத்தைப் பிரிச்சு அனுப்புற கிராஸ்ஓவர் சர்க்யூட்ல கெப்பாசிட்டர் இருக்கும். மீட்டரோட டிசி (நேர் மின்சாரம்) அதைத் தாண்டாது. ட்வீட்டரைக் கழற்றி, ஒயரை எடுத்துட்டு, நேரா அதன் முனையில வெச்சுப் பாருங்க.

100 வாட்ஸ்ங்கிறது மொத்தப் பெட்டிக்கு. அதுல பெரும்பங்கு ஊஃபருக்குத்தான், ட்வீட்டர் காயில் ரொம்ப மெல்லிய கம்பி. பாட்டோட உச்சம் சராசரியை விட 10 டெசிபல், அதாவது பவர்ல பத்து மடங்கு மேலன்னு வெச்சுக்கோங்க. 40 வாட்ஸ் ஆம்ப் சுத்தமா பாடும்போது சராசரி 4 வாட்ஸ்தான். பேஸை 10 டெசிபல் ஏத்தினா அந்த இடத்துக்கு மட்டும் பத்து மடங்கு பவர் வேணும். ஆம்ப்ல அது இல்ல; அலையோட உச்சி வெட்டுப்படும். இதுதான் கிளிப்பிங். முழுசா தட்டையாயிட்டா அதே ஆம்ப் 80 வாட்ஸ் வரை தள்ளும். அதுக்கு மேல வால்யூம் ஏத்தினா பேஸ் கூடாது, மேல் ஸ்தாயி மட்டும் கூடிக்கிட்டே போகும். வெட்டுனதுல புதுசா பிறக்கிற அலைகளும் சேர்ந்து ட்வீட்டருக்குத்தான் போகும். சின்ன ஆம்ப்னா ஆபத்தில்லன்னு கடையில சொல்றதை நம்பவே நம்பாதீங்க.

பதில் 2:
‘பி’ பக்கம் இப்போதைக்குத் தொடாதீங்க. பெரும்பாலான ஆம்ப்ல ஏ, பி ரெண்டும் பேரலல் (பக்க இணைப்பு). 6 ஓமும் 6 ஓமும் சேர்ந்தா 3 ஓம், கரண்ட் ரெட்டிப்பாகும். சுமை பிரியாது, ஆம்ப் தலையில ஏறும். சூடேறி புரொடெக்‌ஷன்ல நின்னா அதிர்ஷ்டம், இல்லேன்னா அவுட்புட் டிரான்சிஸ்டர் போகும். பின்பக்கம் ‘ஏ + பி’க்குக் குறைந்தபட்சம் எத்தனை ஓம்னு தனியா அச்சடிச்சிருப்பாங்க, பாருங்க.

கேட்டவர்:
பார்த்தேன். ஏ அல்லது பி மட்டும்னா 6 ஓம், ரெண்டையும் சேர்த்து ஓட்டினா ஒவ்வொரு ஸ்பீக்கரும் 12 ஓம்னு இருக்கு. வலது ட்வீட்டர்ல மீட்டர் அசையவே இல்ல. இடதுல 4 ஓம் சொச்சம். 80 வாட்ஸ் ஆம்ப் வாங்கிடவா?

பதில் 1:
வலது ட்வீட்டர் காயில் அறுந்துடுச்சு. அதே மாடல் ட்வீட்டரே தேடி வாங்குங்க. ஓம் ஒத்துப்போனா மட்டும் போதாது, சென்சிட்டிவிட்டி (ஒரே பவருக்கு எவ்வளவு சத்தம் தரும்ங்கிற அளவு) மாறினா ரெண்டு பெட்டியும் ரெண்டு விதமா பாடும்.

வாட்ஸ் ரெட்டிப்பானா கூடறது 3 டெசிபல்தான், காதுக்குக் கொஞ்சம்தான் தெரியும். உங்க ஸ்பீக்கரோட சென்சிட்டிவிட்டி 87 டெசிபல்னா, 90 டெசிபல் ஸ்பீக்கர் இதே ஆம்ப்லயே 80 வாட்ஸோட சத்தத்தைக் கொடுத்துடும். பெரிய ஆம்ப் வாங்கினாலும் தப்பில்ல, ஆனா 6 ஓம் தாங்கும்னு எழுதியிருக்கணும், பிஎம்பிஓ (விளம்பரத்துக்காக ஊதிக் காட்டுற வாட்ஸ்) கணக்கைப் பார்க்காதீங்க. அதுவரைக்கும் பேஸ் திருகு நடுவுலயே இருக்கட்டும். பாடகர் குரல் கரகரன்னு வந்த உடனே வால்யூமைக் குறைச்சுடுங்க.